உறைபனியும் ஒரு சாக்குப் படுதாவும்

நேற்றுக் காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தேன். முற்றத்துப் புல்தரை வெள்ளை வேட்டி விரித்தாற்போல் கிடந்தது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் இருக்கையின் மேல் சுரண்டி எடுக்கும் அளவுக்குப் பனி உறைந்திருந்தது. இந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனி.

அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி கோயம்புத்தூர்க்காரர். பன்னிரண்டு ஜெரேனியம் தொட்டிகள் வாங்கி வாசலில் வரிசையாக வைத்திருந்தார். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஐயா, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ பாருங்க, வேகவெச்ச கீரை மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

"ராத்திரி மேலே ஏதாவது மூடினீங்களா?"

"மூடணுமாங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. ஊட்டிக்கு வந்த எல்லோரும் முதல் வருடம் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். இருநூறு வருடங்களாக இதுதான் கதை. அந்தக் கதையை இன்று எழுதலாம் என்று தோன்றியது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு முதலில் வந்தது 1819 ஜனவரியில். நல்ல உறைபனிக் காலம். 1822-ல் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. உருளைக்கிழங்கு, ஐரோப்பியக் காய்கறிகள், பழ மரங்கள், பூச்செடிகள் என்று பலவற்றையும் இங்கே கொண்டுவந்து வளர்க்க ஆரம்பித்தவர்களில் அவர் முன்னோடி. பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு பங்களா கட்டி, ஆளுக்கொரு தோட்டம் போட்டார்கள். சொந்த ஊர்ச் சீதோஷ்ணம் போலவே இருக்கிறது, அங்கே வளர்வதெல்லாம் இங்கேயும் வளரும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் செடி தூங்கப் போய்விடும். பகலும் குளிர், இரவும் குளிர். நம் ஊரில் அப்படியில்லை. ஜனவரிப் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். 20 டிகிரியைத் தொடும். செடி வசந்தம் வந்துவிட்டது என்று நம்பித் தளிர் விடும். அன்று இரவே தரையோரம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். இளந்தளிரின் உள்ளே இருக்கும் நீர் உறைந்து, அதன் கண்ணறைகள் கிழிந்துவிடும். வெயில் பட்டதும் கறுத்துப் போகும். தேயிலை கருகுவதும் அப்படித்தான்.

வெள்ளைக்காரர்களுக்கு முன்பே இந்த மலையில் இருந்த மரங்களுக்கு இந்தச் சங்கதி தெரியும். நம் சோலைகளைப் பாருங்கள். ஓடைக்கரையிலும் மடிப்புகளிலும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவே இருக்கும் புல்வெளியில் ஒரு சோலை மரக்கன்றுகூட எளிதில் தலைதூக்காது. வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் 1938-ல் இதைப் பற்றி எழுதினார். திறந்த புல்வெளியில் விழும் சோலை மரத்து விதை முளைத்தாலும், உறைபனி கன்றைக் கொன்றுவிடுகிறது என்பது அவர் வாதம். எல்லோரும் அதை ஏற்கவில்லை. தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்றவர்களும் உண்டு. ஆனால் பனிக்கால இரவில் சோலைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே புல் வெளுத்துக் கிடக்கும், உள்ளே சருகு ஈரமாக மட்டும் இருக்கும். மேலே இருக்கும் இலைக்கூரை தரையின் சூட்டைப் போகவிடாது. தோடர்கள் தங்கள் மந்துகளைச் சோலைகளை ஒட்டியே அமைத்துக்கொண்டதும் நினைவுக்கு வருகிறது.

தாவரவியல் பூங்காவின் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். காய்கறிக்காகச் சந்தா போட்டு ஆரம்பித்த தோட்டம் சரியாக நடக்கவில்லை. ட்வீடேல் பிரபு சென்னை கவர்னராக இருந்த காலத்தில் முயற்சி எடுத்து, லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவரை வரவழைத்தார்கள். அவர் 1848-ல் வந்தார். சதுப்பும் புதரும் சரிவுமாக இருந்த இடத்தைப் பத்து வருடங்களில் பூங்காவாக மாற்றினார். 1860-க்குப் பிறகு தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா வந்தபோது அதை வளர்க்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. குளிர் தாங்கும் ரகத்தைத் தொட்டபெட்டாவிலும், தாங்காத சிவப்புப் பட்டை ரகத்தை அதைவிடத் தாழ்ந்த நடுவட்டத்திலும் வளர்த்தார்கள். எந்தச் செடியை எங்கே வைப்பது என்பதே பனிக்கு எதிரான முதல் பாதுகாப்பு. மெக்ஐவர் 1876-ல் காலமானார். கல்லறை ஸ்டீபன் சர்ச்சில் இருக்கிறது.

மெக்ஐவர் பெயர் நிலைத்தது நியாயம்தான். ஆனால் ஒரு மனிதர் எத்தனை செடியை இரவில் மூட முடியும்? ஒவ்வொரு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, ஒவ்வொரு மாலையும் மூடி, ஒவ்வொரு காலையும் திறந்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மே மாதம் மலர்க் கண்காட்சி என்று ஊரே திரளுகிறதே, 1896-லிருந்து நடக்கிறதே, அந்தப் பூக்களுக்கான நாற்றுகள் கைக்குழந்தைகளாக இருப்பது இந்தப் பனி மாதங்களில்தான்.

என் அப்பா அப்படி ஒரு தோட்டக்காரர். ஊட்டியில் ஒரு பங்களாவில் வேலை. யாருடைய பங்களா என்பது இங்கே வேண்டாம். அந்தக் காலத்தில் பங்களாக்காரர்களும் தொட்டிகளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள். பரிசு வந்தால் வருடம் முழுக்க அதே பேச்சுதான்.

1964 ஜனவரி. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். பங்களாவின் பின்கட்டில் பலகை மேல் சால்வியா, பிகோனியா நாற்றுகள் இருநூறு தொட்டிக்கு மேல் இருந்தன. அப்பா படுத்தபடியே சொன்னார்: "நாலு மணிக்கே போயிடுடா. வெயில் இருக்கும்போதே மூடணும். குச்சி நட்டு அதுக்கு மேலதான் சாக்குப் போடணும், நாத்து மேல படக்கூடாது. ஓரமெல்லாம் தரை வரைக்கும் இழுத்துவிட்டுக் கல்லு வை."

நான் தலையாட்டிவிட்டுப் பந்து விளையாடப் போனேன். நினைவு வந்து ஓடியபோது மணி ஏழு. வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்று இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. இருட்டில் குச்சி தேட பயம். சாக்குகளை அப்படியே நாற்றுகளின் மேல் விரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மூடிவிட்டேன் என்றேன். அது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காலையில் சாக்கு பலகை போல விறைத்திருந்தது. தூக்கினால் அதோடு இலைகளும் வந்தன. கொஞ்ச நேரத்தில் மீதி நாற்றுகளும் தொங்கிவிட்டன. காய்ச்சலோடு வந்து பார்த்த அப்பா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பங்களாக்காரரிடம், "நான்தான் அசந்து தூங்கிட்டேன்" என்று சொன்னார். அந்த மாதம் பாதிச் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள். அந்த மே மாதம் அப்பா கண்காட்சிப் பக்கமே போகவில்லை.

ஒரு வாரம் கழித்து, காய்ச்சல் விட்ட பிறகு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னது இது: "பனி மேலேயிருந்து கொட்டுதுன்னு சொல்றோம். அது இல்லடா. தரையில இருக்கிற சூடு மேலே ஓடிப் போகுது. அதைப் பிடிச்சு வைக்கிறதுதான் நம்ம வேலை."

பின்னாளில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டு, கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தபோது, பள்ளிக்கூடம் போகாத அப்பா சொன்னது அட்சர சுத்தம் என்று தெரிந்தது. மேகம் இருந்தால் தரைச் சூடு தங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் நிர்மலமானால் சூடு தப்பித்துவிடும். ஆள் உயரத்தில் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல்நுனியில் பனி உறையும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்துக்கு வழியும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்ந்த இடங்கள் முதலில் வெளுக்கின்றன. பந்தய மைதானம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்த பள்ளம் அல்லவா!

பூங்காவில் இன்றும் பழைய முறைதான். அலங்காரச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் கொத்துகளைக் குடை போல வைத்து மூடுகிறார்கள். புல்தரைக்கு வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கு அப்பாவின் விதிகளே போதும். தொட்டிகளைச் சுவரோரம், கூரைச் சரிவின் கீழ் நகர்த்துங்கள். தரைச் செடிக்குக் காலையிலேயே தண்ணீர் விடுங்கள். ஈரமண் பகல் சூட்டை அதிகம் சேர்த்து வைக்கும். நாலு மணிக்கு மூடி, வெயில் வந்ததும் திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், இலையில் படுகிற இடமெல்லாம் கருகும். பழைய புடவையோ சாக்கோ நல்லது. நவம்பருக்குப் பிறகு உரம் போட்டுத் தளிரைத் தூண்டாதீர்கள். சரிவின் அடியில் அடைத்த வேலி இருந்தால் ஓரிடத்தில் திறந்துவிடுங்கள், குளிர் வழிந்து போகட்டும்.

கருகியதைப் பார்த்ததும் கத்தியை எடுக்கவும் கூடாது. பங்களாவில் தரையில் நட்டிருந்த ஃபியூஷியாவும் அதே இரவில் கருகியது. வெட்டப் போன என் கையை அப்பா பிடித்துக்கொண்டார். "மார்ச் வரைக்கும் கத்தி வைக்காதே. செத்த இலைதான் உள்ளே இருக்கிற உசுருக்குப் போர்வை" என்றார். பனிக்காலம் முடிந்தபோது அடியிலிருந்து சிவப்பாகத் துளிர் வந்தது.

நேற்று மாலை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி கத்திரிக்கோலோடு வாசலில் நின்றார். அதை வாங்கி வைத்துவிட்டு, பரணிலிருந்து நாலு சாக்கு எடுத்துக்கொடுத்தேன். இருவரும் சேர்ந்து குச்சி நட்டோம். பன்னிரண்டில் ஒன்பது தொட்டிகளில் தண்டு இன்னும் பச்சையாக இருக்கிறது.

"ஓரத்துல கல்லு வைக்கணுமாங்க?" என்று கேட்டார்.

"கட்டாயம் வைக்கணும் தம்பி" என்றேன்.