குண்டோதரன் பசியும் கத்திக்கு முந்தைய நாட்களும்

மதுரையில் இருந்துகொண்டு பசியைப் பற்றி எழுதத் தொடங்கினால் குண்டோதரனைத் தவிர்க்க இயலாது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தடாதகைப் பிராட்டியின் திருமணத்துக்குச் சமைத்து எஞ்சிக் கிடந்த சோற்று மலைகளையெல்லாம் அந்தப் பூதம் தின்று தீர்க்கிறது. தின்ற பின்னும் பசி அடங்கவில்லை. இறைவன் அன்னக்குழிகளை வரவழைக்கிறான். அதன்பின் நீர்வேட்கை எழ, அதைத் தணிக்க வையையே வருகிறது. கோரிப்பாளையத்திலிருந்து பாலத்தைக் கடந்து கல்லூரிக்குச் செல்லும் நாட்களில் ஆறு வற்றிக் கிடப்பதைக் காணும்போது, நேற்றிரவு குண்டோதரன் மீண்டும் வந்து போயிருப்பானோ என்று வேடிக்கையாக எண்ணிக்கொள்வதுண்டு.

அந்த வேடிக்கை சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்தது. என் தமக்கைக்கு வயது 51, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு. இன்சுலினுக்கும் கட்டுப்படாத நிலை. மருத்துவர் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசினார். "வாயைக் கட்டுறதை விட்டுட்டு வயித்த வெட்டுவாங்களா?" என்றார் பெரியம்மா. உறவினர் அனைவரின் கருத்தும் ஏறத்தாழ அதுவே. நானும் தொடக்கத்தில் அந்தப் பக்கமே நின்றேன் என்பதை மறைப்பானேன்? ஆசிரியன் புத்தி, உடனே நூல்களைத் தேடிப் புறப்பட்டது. இந்தக் கட்டுரை அத்தேடலில் கிடைத்தது. அறுவையின் வரலாற்றைப் பலரும் கத்தியின் வரலாறாகவே எழுதுகிறார்கள். எனக்கோ கத்திக்கு முந்தைய நாட்களின் வரலாறே பெரிதாகப் பட்டது.

1954ஆம் ஆண்டு எங்கள் பகுதியினர்க்கு நினைவில் நிற்கும் ஆண்டு. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முதியோர் இன்றும் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையை ஒட்டி, மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது அவ்வாண்டில்தான். அதே 1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமன், லின்னர் முதலிய அறுவை மருத்துவர்கள், நாய்களின் சிறுகுடலில் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். குடலின் பெரும்பகுதியைத் தாண்டி உணவு குறுக்குவழியில் சென்றால் உடல் மெலியும் என்பது அவர்கள் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர்க்குக் குடல் இவ்வாறு மாற்றி இணைக்கப்பட்டது. எடை குறைந்தது உண்மைதான். கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், சத்துக்குறை, சிலர்க்குக் கல்லீரல் செயலிழப்பு. 1980 வாக்கில் அம்முறை கைவிடப்பட்டது.

எட்வர்ட் மேசன் வேறு வழியில் வந்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றிய பெண்கள் பின்னர் எடை கூடுவதே இல்லை என்பதைக் கவனித்தவர் அவர். அயோவா பல்கலைக்கழகத்தில் 1966இல் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையைத் தொடங்கினார். 1994இல் அது நுண்துளை வழியாகவும் செய்யப்பட்டது. இன்று மிகுதியாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சட்டைக் கைபோல் குழாயாக்குகிறார்கள். நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளும் குழாய். ஒரு தேநீர்க் கோப்பையளவு என்று கொள்க.

இவ்வளவும் உடலைப் பற்றியவை. அவ்வுடலுக்குள் இருந்த மனிதரை எப்போது விசாரித்தார்கள்? இதில் 1991ஆம் ஆண்டே திருப்பம் என்பேன். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் அவ்வாண்டு கூட்டிய மாநாடு யார் யாருக்கு அறுவை செய்யலாம் என்பதற்கு எடை அளவைக் குறித்ததோடு நிற்கவில்லை. அறுவை மருத்துவர், பொது மருத்துவர், உணவியலாளர், மனநல வல்லுநர் ஆகியோர் சேர்ந்து ஒருவரை ஆராய வேண்டும், அவரும் முழுதறிந்து விரும்பி வரவேண்டும் என்றது. திருக்குறளின் மருந்து அதிகாரம் படித்தவர்க்கு இது புதிதன்று. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உழைப்பவன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்த வள்ளுவர் நோயாளியை முதலில் வைத்தார். மருத்துவமனைகள் அவ்வரிசைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று.

மாநாடு குறித்த அளவில் ஒரு சிக்கல் உண்டு. எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் வரும் உடல் நிறை எண் 40, அல்லது நீரிழிவு போன்ற துணைநோய் இருந்தால் 35 என்பது அது. இந்தியர்க்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் சேர்ந்துவிடும் என்பதால், 2009இல் நம் நாட்டு வல்லுநர்கள் இதனை 37.5, 32.5 எனத் தாழ்த்தினர். 2022இல் உலக அமைப்புகள் ஆசியர்க்கு 27.5இலிருந்தே கருதலாம் என்றன. ஆயினும் இந்தியக் காப்பீட்டு விதிகளின் பொதுவாசகம் இன்றும் 40, 35 என்றே நிற்கிறது. தமக்கையின் எண் 33.7. மருத்துவத்துக்கு அவர் தமிழ்நாட்டு உடல்; காப்பீட்டுக்கு மட்டும் அமெரிக்க உடல்! விண்ணப்பம் திரும்பி வந்தது. காசுமாலை அடகுக்குப் போயிற்று.

ஆயத்தம் என்பது மூன்று மாத வேலையாக இருந்தது. குருதியில் இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகள், இதயச் சோதனை, உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்ற சோதனை, இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தல் என்று நீண்டது பட்டியல். புகைப்பவராயின் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். கடைசி இரண்டு வாரம் புரதக் கஞ்சியும் தெளிந்த சாறும்தான் உணவு. இது தண்டனை அன்று. கொழுப்பேறிய கல்லீரலின் இடப்பகுதி இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். இந்த உணவால் அது சுருங்கினால்தான் மருத்துவர்க்கு இடம் கிடைக்கும்.

மனத்தின் ஆயத்தம்தான் கடினமாக இருந்தது. மனநல வல்லுநர் ஒரு குறிப்பேடு கொடுத்து, உண்பதை மட்டுமன்றி, எப்போது, எந்த மனநிலையில் என்றும் எழுதச் சொன்னார். இருபது நாள் கழித்துத் தமக்கை அதை என்னிடம் காட்டினார். "தம்பி, பசிக்குச் சாப்பிட்டது கொஞ்சம்தான், பாரேன்" என்றார். இரவு பதினொரு மணி என்ற குறிப்பு பக்கந்தோறும் இருந்தது. மாமியார், கணவர், பிள்ளைகள் எல்லோரும் உறங்கியபின் அடுப்படியில் நின்றபடி உண்ட மிச்சச் சோறு. ஒரு நாளில் அவருக்கென்று இருந்த நேரம் அது ஒன்றே. அதைப் பறித்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் வல்லுநர் கேட்ட கேள்வி. இரவு உண்ணலும் மனச்சோர்வும் இருப்பவர்க்கு அறுவை கூடாது என்பதில்லை, அவற்றை முன்பே கண்டு மருத்துவம் செய்யவேண்டும் என்பதே இன்றைய நிலைப்பாடு. உணவில் ஆறுதல் தேடியவர் சிலர் அறுவைக்குப்பின் மதுவிடம் சென்றதும், தற்கொலை எண்ணத்துக்கு ஆளானதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

இங்கேதான் எனக்கு மணிமேகலையின் காயசண்டிகை நினைவுக்கு வந்தாள். பன்னீராண்டுக்கு ஒருமுறை பழுக்கும் கனியை அறியாது மிதித்ததற்காக முனிவன் சாபமிட, எத்தனை உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் நோயோடு புகார் நகரில் அலைந்தவள். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அன்னம் இட்டதும் அத்தீ அவிந்தது. அந்தப் பாத்திரம் ஆபுத்திரனுக்குக் கிடைத்த ஊர் மதுரை என்பதை நம் ஊர்க்காரர்கள் மறக்கலாகாது. சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரி என்று இகழவில்லை, நோய் என்றே சொல்கிறார். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தார்கள். அது பெரிதும் இரைப்பையின் மேற்பகுதியில் ஊறுகிறது. ஸ்லீவ் முறையில் வெட்டி அகற்றப்படுவதும் அப்பகுதியே. வாயைக் கட்டு என்று உபதேசித்த எங்களுக்கு யானைத்தீயைப் பற்றி என்ன தெரியும்?

அச்சமும் நியாயமானதே. 2024 ஏப்ரலில் சென்னைப் பம்மலில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்த செய்தியைத் தமக்கை வெட்டி வைத்திருந்தார். மறுபுறம், 1987இல் சுவீடனில் தொடங்கி ஏறத்தாழ 4,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு சுமார் கால் பங்கு குறைந்ததாக 2007இல் அறிவித்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தோம். 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த வார ஊசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டோம். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பக்கூடும் என்றார். முடிவைத் தமக்கையே எடுத்தார்.

கஞ்சி வாரங்கள் தொடங்குவதற்கு முந்தைய இரவு வீட்டில் அனைவர்க்கும் கறிதோசை சுட்டுப் போட்டார். தாம் ஒன்று உண்டார். கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பதினொரு மணிக்கு மாடிக்குச் சென்று வானொலியைத் திருப்பினார்.

இந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, கோரிப்பாளையத் தெருமுனையில் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். எடை 63 கிலோ, இன்சுலின் நின்றிருந்தது. முடி நிறையக் கொட்டியிருந்தது. எனக்கு ஒரு குவளை தந்தார். "உனக்கு, அக்கா?" என்றேன். அவர் கையிலிருந்த சின்ன டம்ளரில் பாதி மோர் இன்னும் இருந்தது. "அரை மணி நேரமா குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.