ஓர் ஏக்கரில் எத்தனை பேர்?

ஒரு நகரத்தில், ஒரு துண்டு நிலத்தின்மேல், எத்தனை குடும்பங்கள் வாழலாம் என்று விதி செய்வது எளிய காரியம்போலத் தோன்றும். ஆயின், அவ்விதியை எழுத முற்படுபவர் முதலிற் சில கேள்விகளுக்கு விடை கூறவேண்டியவராகிறார். வாடகை வீடு என்பது யாது? முற்றம் என்பது யாது? யன்னல் என்பது யாது? இவற்றைத் தெளிவாக வரையறுக்காத சட்டம் ஏட்டில் இருக்கும். மக்கள் இருட்டில் இருப்பர். இவ்வுண்மையை நியூயோர்க் நகரம் நெடுங்காலம் பட்டுத் தெரிந்துகொண்டது.

1811 ஆம் ஆண்டிலே மன்ஹற்றன் தீவின் பெரும்பகுதிக்கு வீதி வரைபடம் ஒன்று வகுக்கப்பட்டது. நேர்வீதிகளும் குறுக்கு வீதிகளுமாக நிலம் கட்டங் கட்டமாகப் பிரிந்தது. அக்கட்டங்களுள்ளே 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட மனைத்துண்டுகளை விற்பது வழக்கமாயிற்று. ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு அவ்வளவு நிலம் போதியது. ஆனால், 1840 களில் அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பியோரும் ஜெர்மனியிலிருந்து புறப்பட்டோரும் ஆயிரமாயிரமாக வந்திறங்கவே, அதே மனைகளில் நான்கு, ஐந்து, ஆறு மாடிகளாக வாடகை அடுக்குவீடுகள் எழுந்தன. இவற்றை ‘ரெனமென்ற்’ என்றழைத்தனர். 100 அடி நீளமான மனையில் 90 அடிவரை கட்டடமே நிறைந்தது. வீதிப்புறத்து அறைக்கும் பின்புறத்து அறைக்கும் மட்டுமே வெளிச்சம் கிட்டியது. இடையிலிருந்த அறைகளுக்குப் பகலும் இரவும் ஒன்றேயாம்.

வாந்திபேதி நோய் 1832, 1849, 1866 ஆகிய ஆண்டுகளில் நகரை வாட்டியது. நெருக்கமும் அழுக்கும் நோய்க்குத் துணையென்று மருத்துவர்கள் வற்புறுத்தினர். அதன் பயனாக 1867 இல் நியூயோர்க் மாநிலச் சட்டசபை முதலாவது அடுக்குவீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் தனித்தனியே சமைத்து வாழும் வாடகைக் கட்டடமே அடுக்குவீடு என்று அது இலக்கணம் வகுத்தது. அடுப்பைக் கொண்டு குடும்பத்தை எண்ணியது அச்சட்டத்தின் நுட்பம். 20 பேருக்கு ஒரு மலசலகூடம் வேண்டும் என்றும் விதித்தது. வெளிக்காற்றுப் படாத படுக்கையறைக்குக் காற்று வரும் யன்னல் ஒன்று வேண்டும் என்றது. அந்த யன்னல் அடுத்த அறையை நோக்கியிருந்தாலும் போதும் என விட்டுவிட்டது. உரிமையாளர்கள் சுவரில் மூன்று சதுர அடித் துவாரமிட்டு, இருட்டறைக்குள்ளிருந்து இன்னோர் அறையைப் பார்க்கச் செய்தனர். சட்டம் நிறைவேறியது, காற்று வரவில்லை.

1879 இல் வந்த இரண்டாவது சட்டம் இப்பிழையைத் திருத்த முயன்றது. ஒவ்வொரு படுக்கையறை யன்னலும் வெளிவானை நோக்கவேண்டும் என்றும், கட்டடம் மனையின் நூற்றுக்கு 65 பங்குக்கு மேற் பரவலாகாது என்றும் கூறியது. அதே ஆண்டில், 25 அடி மனைக்கு ஏற்ற சிறந்த அடுக்குவீட்டு வரைபடத்துக்கெனச் சஞ்சிகையொன்று நடத்திய போட்டியில் ஜேம்ஸ் வெயர் என்னும் கட்டடக் கலைஞர் முதற்பரிசு பெற்றார். முன்னும் பின்னும் அகன்று, இடையில் ஒடுங்கி, உடுக்கின் வடிவிலமைந்தது அவருடைய வரைபடம். இத்தகைய இரு வீடுகள் அருகருகே நிற்கும்போது, அவற்றின் ஒடுங்கிய இடைகளுக்கு நடுவே ஐந்தடி அகலங்கூட இல்லாத காற்றுக் கிணறு ஒன்று உண்டாகும். அதன்மேல் வானம் தெரிந்தது. ஆகவே சட்டத்தின் சொல்லுக்கு அது வெளிவானேயாம்.

இவ்வடிவம் நகரெங்கும் பரவியது. 65 பங்கு என்ற எல்லையைத் தளர்த்தும் அதிகாரம் சுகாதார சபைக்கு விடப்பட்டிருந்தமையால், 80 பங்கு நிலத்தை மூடிய வீடுகளும் எழுந்தன. காற்றுக் கிணற்றின் அடியிற் குப்பை குவிந்தது. துர்நாற்றமும் சத்தமும் மேலெழுந்தன. தீப்பற்றியபோது அதுவே புகைபோக்கியாகி, நெருப்பை மாடிக்கு மாடி ஏற்றியது. 1890 இல் ஜேக்கப் றீஸ் என்னும் பத்திரிகையாளர், இவ்வீடுகளின் வாழ்வைப் படங்களுடன் நூலாக வெளியிட்டார். 1894 இல் நடந்த விசாரணையில், நகரின் பத்தாம் வட்டாரத்தில் ஓர் ஏக்கருக்கு 600 பேருக்கு மேல் வாழ்வது தெரியவந்தது.

மக்கள் மனத்தை இறுதியாக அசைத்தது 1900 இல் நடைபெற்ற ஒரு கண்காட்சி. அதனை முன்னின்று நடத்தியவர் லோறன்ஸ் வெயிலர் என்னும் சமூக சேவையாளர். நான்கு வீதிகளுக்கு இடைப்பட்ட ஒரு கட்டத்தை அவர் சிற்றுருவாகச் செய்து வைத்தார். அதில் 39 அடுக்குவீடுகள், 605 குடியிருப்புகள், 2,781 மக்கள். அவர்களுள் 466 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மலசலகூடங்கள் 264, குளிக்கும் தொட்டி ஒன்றேனும் இல்லை. வெந்நீர் வசதியுடையவை 40 குடியிருப்புகளே. வெளிச்சமே புகாத அறைகள் 441. ஐந்தாண்டுகளில் அக்கட்டத்திலிருந்து பதிவான சயரோகிகள் 32 பேர். கண்காட்சியைக் கண்ட மாநில ஆளுநர் தியடோர் ரூஸ்வெல்ற், ஓர் ஆணைக்குழு அமையத் துணைநின்றார். வெயிலர் அதன் செயலாளரானார்.

அவ்வாணைக்குழுவின் உழைப்பால் 1901 இல் மூன்றாவது சட்டம் பிறந்தது. முன்னிருந்த சட்டங்கள் எங்கே மௌனம் சாதித்தனவோ, அங்கெல்லாம் இது அளவுகளைச் சொல்லிற்று. நடுமனையில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேலும், மூலைமனையில் 90 பங்குக்கு மேலும் கட்டடம் பரவலாகாது. 60 அடி உயரமான வீட்டின் உள்முற்றம், அயல் மனையின் எல்லையிலே அமையுமாயின், 12 அடி அகலமும் 24 அடி நீளமுமேனும் இருக்கவேண்டும். உயரம் கூடக் கூட முற்றமும் அகலவேண்டும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி மலசலகூடம் வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு 400 கனவடி காற்றும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 200 கனவடி காற்றும் இல்லாத அறை நெருக்கடியான அறையாகும். கட்டுமுன் வரைபடத்துக்கு அங்கீகாரமும், குடிபுகுமுன் அத்தாட்சிப் பத்திரமும் பெறவேண்டும். இவற்றைக் கண்காணிக்கத் தனித் திணைக்களம் ஒன்றும் அமைந்தது. இவ்வளவுகளுக்கு 25 அடி மனை இடங்கொடாமையால், கட்டுவோர் மனைகளை ஒன்றுசேர்த்து அகன்ற வீடுகள் கட்டலாயினர்.

உரிமையாளர்கள் வாளாவிருக்கவில்லை. பழைய வீடுகளின் வளவிலிருந்த பொதுக் கழிவிடங்களை அகற்றிப் புதியன கட்டுமாறு பணிப்பது தம் சொத்துரிமையைப் பறிப்பதாகும் என ஒரு வீட்டுக்காரர் வழக்காடினார். மாநில மேன்முறையீட்டு நீதிமன்று 1904 இலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நீதிமன்று 1906 இலும் சட்டத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. பொதுச் சுகாதாரத்தின் பொருட்டுச் சொத்துக்கு எல்லை வகுக்கலாம் என்பது இவ்வாறு நிலைபெற்றது.

எனினும், நெருக்கம் குறைந்தமைக்குச் சட்டம் மட்டுமே காரணமன்று. 1904 இல் நிலக்கீழ்ப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. ஆற்றின்மேற் புதிய பாலங்கள் எழுந்தன. தொழிலாளர் தொலைவிற் குடியிருந்து வேலைக்கு வர வழி பிறந்தது. மன்ஹற்றனின் குடித்தொகை 1910 இல் 23 இலட்சத்து 31 ஆயிரத்துக்கு மேல் உயர்ந்து, பின்னர் அந்த உச்சத்தை எட்டியதேயில்லை. 2020 இல் அது ஏறத்தாழ 16 இலட்சத்து 94 ஆயிரமாகும். போவதற்கு வேறிடம் இருந்தபோதே நெருக்கத்தைத் தடுக்கும் விதி பயன் தந்தது எனலாம்.

1916 இல் நகரம் முழுவதற்கும் வலய விதிகள் வகுக்கப்பட்டன. வீதியின் அகலத்தைக் கொண்டு கட்டடத்தின் உயரத்தை அவை அளந்தன. உள்ளே வாழ்வோர் தொகைக்கு எல்லை கூறவில்லை. அவ்விதிகள் இடந்தந்த அளவுக்குக் கட்டினால் ஐந்தரைக் கோடி மக்கள் அடங்குவர் என்று பிற்காலத்தே மதிப்பிடப்பட்டது. ஆகவே 1961 இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், தளப்பரப்பு விகிதம் என்னும் அளவுகோலைக் கையாண்டன. விகிதம் 10 எனின், 10,000 சதுர அடி மனையில் எல்லா மாடிகளின் பரப்பும் சேர்ந்து 1,00,000 சதுர அடியைத் தாண்டலாகாது. நிலம் முழுவதும் பரவிப் பத்து மாடி கட்டலாம். பாதி நிலத்தை விட்டு இருபது மாடியும் கட்டலாம். இப்புதிய கணக்கின்படி நகரின் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கோடியே 20 இலட்சமாயிற்று.

காலம் மாறவே கேள்வியும் திரும்பியது. வீடு கிடையாமையும் வாடகையேற்றமும் பெருந்துயரான இந்நூற்றாண்டிலே, அதே எல்லைகள் வீட்டுப் பெருக்கத்துக்குத் தடையாகின்றன என்ற வாதம் வலுத்தது. குடியிருப்புக் கட்டடத்தின் விகிதம் 12 ஐத் தாண்டலாகாது என 1961 இல் மாநிலம் விதித்த கட்டுப்பாட்டை, 2024 இல் மாநிலச் சட்டசபையே தளர்த்தியது. அவ்வாண்டு டிசம்பரில் நகரசபையும் கூடுதல் வீடுகளுக்கு இடந்தரும் திருத்தங்களை ஏற்றது. ஆனால் யன்னலையும் காற்றையும் பற்றிய விதிகளை எவரும் முற்றாகக் கைவிடவில்லை.

எத்தனை பேர் என்ற எண் காலந்தோறும் கூடலாம், குறையலாம். அந்த எண்ணுக்குள் வாழும் குழந்தையின் அறைக்கு வெளிச்சம் வருகின்றதா என்பதே 1867 இற் பிழையாக விடை சொல்லப்பட்ட கேள்வி. அடர்த்தி விதியை மாற்ற விழையும் எந்த நகரசபையும் அக்கேள்வியை முதலிற் கேட்டுக்கொள்ளுதல் நன்று.