குறிகட்டுவானில் காத்து நிற்கும் கார்கள்

தீவக வரலாறு எண்டால் கோட்டை, கோயில், படகு எண்டுதான் எழுதுறம். குறிகட்டுவான் துறையில நிக்கிற காரை ஆரும் எழுதுறது குறைவு.

நெடுந்தீவுக்குத் தரைப்பாதை இல்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வாற அம்மம்மா ஒருவர் ஒரு மணித்தியாலமளவு கடலில் ஆடி வந்து இறங்கவேண்டும். படகுக்கும் துறைக்கும் இடையிலான அந்த ஒரு எட்டுக்குக் கை பிடிக்க ஆள் வேணும். பிறகு புங்குடுதீவு, வாணர் பாலம், வேலணை, பண்ணை எண்டு நீளுற தெரு. பஸ் இருக்குத்தான், ஆனால் நாரி நோவோட அதில ஏறுறது வேற கதை.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து இந்தத் துறைக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் கடலில் வைத்தே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இங்க 'காத்து நிற்கிறது' எண்ட சொல்லுக்கு அதனால் ஒரு கனம் இருக்கு.

1990இல் பெற்றோல் தடை வந்தபோது யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. புகை கக்கினாலும் ஓடின. ஆனால் தீவகம் இராணுவத்திடம் போய்ப் பண்ணைப் பாதையும் மூடப்பட்ட பிறகு, கார் இருந்தும் போக வழியில்லை. அந்த வருசங்களில் நெடுந்தீவில் வருத்தம் வந்த கிழவர்கள் எங்க போனார்கள், ஆர் கூட்டிப்போனார்கள்? அதைச் சொல்லக்கூடிய சாரதிமாருக்கும் இப்ப வயசு போகுது. ஆராவது ஒரு ரெக்கோடரோட துறைக்குப் போங்கோவன்.