கட்டுரைத் தலைப்பை யார் தருவது?



"நான் முதலமைச்சரானால்", "நான் விரும்பும் தலைவர்"... இப்படி எத்தனை கட்டுரை எழுதியிருப்போம்! முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாமே கைடில் இருக்கும். மனப்பாடம் செய்தால் மார்க் நிச்சயம். தலைப்பை மாணவனே தேர்ந்தெடுத்தால் என்ன? இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

முதலில் நம்ம ஊர். திருப்பூரில் 1903-ல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி வேரூன்றப் பாடுபட்டவர். பிள்ளைகள் எந்த மொழியில் எழுதுவது என்பதற்கு அவர் வழிகாட்டினார். எதைப் பற்றி எழுதுவது என்பது மட்டும் ஆசிரியர் கையிலேயே இருந்தது.

அதற்கு முன்பே பிரான்சில் ஒருவர் இதைச் செய்து பார்த்துவிட்டார். பெயர் செலஸ்தன் ஃபிரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். நீண்ட நேரம் நின்று பாடம் நடத்த முடியாது. 1920-ல் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியரானார். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவார். கொல்லர், தச்சர், நெசவாளர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வருவார்கள். பிறகு அவரவருக்குப் பிடித்ததை எழுதுவார்கள். 1924-ல் ஒரு சிறிய அச்சு இயந்திரம் வகுப்புக்குள் வந்தது. எந்தக் கட்டுரையை அச்சடிப்பது என்று பிள்ளைகளே ஓட்டுப் போட்டார்கள். பிழைகளை எல்லோரும் சேர்ந்து திருத்தி, அவர்களே எழுத்துக் கோர்த்து, வேறு ஊர்ப் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள்.

இதில் ஆபத்தும் இருந்தது. 1932-ல் ஒரு மாணவன் தன் கனவை எழுதினான். இலவச நோட்டுப் புத்தகம் தராத மேயரைப் பிள்ளைகள் எதிர்ப்பதாகக் கனவு! ஊரில் ஃபிரெனேக்கு எதிராகப் போஸ்டர் ஒட்டினார்கள். கடைசியில் அவர் அரசுப் பள்ளியை விட்டே வெளியேறி, 1935-ல் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். தலைப்பைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் உண்மையை எழுதிவிடுவார்கள் என்ற பயம்தான், வேறென்ன?

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை 2022-ல் மாணவர்களுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைத் தொடங்கி, அவர்களின் படைப்புகளுக்கும் இடம் கொடுத்தது. நல்ல விஷயம். ஆனால் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரை இன்றும் கொடுத்த குறிப்புகளை வைத்துத்தான்.

2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. எத்தனையோ வீடுகளில் சம்பளம் நின்றது. இன்னொரு பக்கம், சாயத்தண்ணீரால் நொய்யல் பாசன விவசாயிகள் பட்ட பாடும் உண்மை. இரண்டையும் கண்ணால் பார்த்த பிள்ளைகள் இந்த ஊரில் இருந்தார்கள். அவர்கள் "சுற்றுச்சூழல் பாதுகாப்பு" என்ற தலைப்பில் கைடில் இருந்ததை எழுதியிருப்பார்கள். சொந்தமாக எழுதச் சொல்லியிருந்தால், ஓவர்லாக் மெஷின் சத்தமும் பீஸ் ரேட் கணக்கும் நோட்டில் வந்திருக்கும். திருப்பூரின் வரலாற்றுக்கு அதைவிட நல்ல ஆவணம் ஏது?

வாரத்தில் ஒரு பீரியட் போதும். தலைப்பை அவர்களிடமே விட்டுப் பார்க்கலாம்.

உங்களிடம் அன்று கேட்டிருந்தால் என்ன தலைப்பு எடுத்திருப்பீர்கள்?