விளக்கப்படாத குழந்தை இறப்பு ஆய்வுக்கான அரசு நிதி (ஐக்கிய அமெரிக்கா)

விளக்கப்படாத குழந்தை இறப்பு ஆய்வுக்கான அரசு நிதி என்பது, முழுமையான உடற்கூறாய்வுக்கும் இறப்பு நிகழ்ந்த இடத்தின் விசாரணைக்கும் பின்னரும் காரணம் கண்டறியப்படாத குழந்தை இறப்புகள் பற்றிய ஆராய்ச்சிக்கு அரசு வழங்கும் பணத்தைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களின் இறப்பு குறித்த ஆய்வுக்கு 1974 முதல் தனிச் சட்டம் உண்டு. ஒரு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு இத்தகைய கவனம் பல பத்தாண்டுகள் தாமதமாகவே கிடைத்தது.

வகைகள்

இவ்வகை இறப்புகள் வயதின் அடிப்படையில் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன.

* திடீர் சிசு இறப்பு - ஒரு வயதுக்குட்பட்டது. இதற்கான வரையறை 1969-இல் சியாட்டில் நகர மாநாட்டில் உருவானது.
* திடீர் விளக்கப்படாத குழந்தை இறப்பு - ஒரு வயதுக்கு மேற்பட்டது. இதற்கான வரையறை 2005-இல்தான் முன்மொழியப்பட்டது.

1974-ஆம் ஆண்டுச் சட்டம்

குழந்தைகளை இழந்த பெற்றோரின் தொடர் முயற்சியாலும், செனட்டர் வால்டர் மாண்டேல் நடத்திய விசாரணைகளாலும் திடீர் சிசு இறப்புச் சட்டம் 1974-இல் நிறைவேறியது. இது குழந்தை நலம் மற்றும் மனித வளர்ச்சிக்கான தேசிய நிறுவனத்திடம் ஆய்வுப் பொறுப்பை ஒப்படைத்தது. அந்நிறுவனத்தின் நிதியுதவியுடன் பாஸ்டனில் ஹன்னா கின்னி குழுவினர் நடத்திய ஆய்வுகள், இறந்த சிசுக்கள் பலரின் மூளைத்தண்டில் செரட்டோனின் குறைபாடு இருந்ததைக் காட்டின.

சிசுக்களை மல்லாந்து உறங்க வைக்க வலியுறுத்தும் பரப்புரையை அந்நிறுவனம் 1994-இல் பிற அமைப்புகளுடன் இணைந்து தொடங்கியது. 1990-இல் 1,00,000 பிறப்புகளுக்கு 130.3 ஆக இருந்த திடீர் சிசு இறப்பு வீதம் 2020-இல் 38.4 ஆகக் குறைந்தது. இறப்புகளை வகைப்படுத்தும் முறை மாறியதும் இக்குறைவுக்கு ஒரு பகுதிக் காரணமாகும்.

எண்ணிக்கைச் சிக்கல்

பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் திடீர் சிசு இறப்புக்கு ஆர்95 என்னும் தனிக் குறியீடு உண்டு. மூத்த குழந்தைகளின் இறப்புக்கு அவ்வாறு இல்லை. அவை காரணம் அறியப்படாத பொதுவான இறப்புகளுடன் சேர்த்தே பதியப்படுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 400 குழந்தைகள் இவ்வாறு இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. துல்லியமான எண்ணிக்கை இல்லாததால் நிதி கோருவது கடினமாகிறது. நிதி இல்லாததால் எண்ணிக்கையும் தெளிவடைவதில்லை. மேலும், உடற்கூறாய்வை உள்ளூர் அல்லது மாநில அலுவலகங்கள் தத்தம் நிதியிலிருந்தே செய்கின்றன. மரபணுச் சோதனை செய்யப்படாமலும் திசுக்கள் சேமிக்கப்படாமலும் போனால், பின்னர் வரும் ஆய்வு நிதியால் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது.

பிற்கால முயற்சிகள்

* 2013 - இளையோர் திடீர் இறப்புப் பதிவேட்டைக் கூட்டாட்சி நலவாழ்வு அமைப்புகள் அறிவித்தன.
* 2014 - எதிர்பாராத இறப்புகள் குறித்த தரவுகளை மேம்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது.
* 2020 - மாநிலங்களின் தரவுச் சேகரிப்புக்கும் விசாரணைக்கும் உதவும் ஸ்கார்லெட்ஸ் சன்ஷைன் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது.

மூத்த குழந்தைகள் பற்றிய ஆய்வின் பெரும்பகுதி தொடக்கத்தில் பெற்றோர் திரட்டிய நன்கொடையிலேயே நடைபெற்றது. இவ்வாறு இறந்த குழந்தைகளிடம் காய்ச்சல் வலிப்பு பிற குழந்தைகளைவிட அதிகமாகக் காணப்பட்டிருந்தது. 2024-இல் வெளியான நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வொன்று, 7 குழந்தைகளின் இறப்பு பதிவான காணொளிகளை ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவற்றில் வலிப்பின் அறிகுறிகளைக் கண்டது. நீண்டகாலம் விளக்கமற்றவை எனக் கருதப்பட்ட இறப்புகளும் ஆய்வுக்கு உட்பட்டவையே என்பதை இது உணர்த்துகிறது.

இவற்றையும் பார்க்க

* திடீர் சிசு இறப்பு
* காய்ச்சல் வலிப்பு
* உடற்கூறாய்வு