எக்ஸ் எதுக்கு சார்?

"எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்" என்றதுமே கடைசி பெஞ்சில் பெருமூச்சு கிளம்பும். நம் காலத்திலும் அப்படித்தான், இன்றைய தம்பி தங்கைகளுக்கும் அப்படித்தான். எக்ஸ் இல்லாமல் முடியாதா? முடியும், ஓரளவுக்கு.

1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் ஒரு தேனீக் கணக்கு உண்டு. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்கும், மூன்றில் ஒரு பங்கு வேறு பூவுக்கும், இவ்விரண்டின் வித்தியாசத்தைப்போல் மும்மடங்கு இன்னொரு பூவுக்கும் போய்விட்டன. மிச்சம் ஒரே தேனீ. மொத்தம் எத்தனை?

இதற்கு 'இஷ்டகர்மம்'. அதாவது, இஷ்டப்பட்ட எண்ணை எடுத்துக்கோ! 30 என்று வைப்போம். 6, 10, 12 போக மிச்சம் 2. வேண்டியதோ 1. ஆகவே 30-இல் பாதி, 15. எகிப்தில் சுமார் கி.மு. 1550-இல் ஆமெஸ் எழுதிய பாபிரஸ் சுருளிலும் இதே தந்திரம்தான்.

ஆனால் அவரே எழுதிய பீஜகணிதத்தில் ஒரு குதிரைக் கணக்கு வருகிறது. ஒருவரிடம் 6 குதிரை, 300 காசு. மற்றவரிடம் 10 குதிரை, 100 காசு கடன். சொத்து சமம். குதிரை என்ன விலை? இங்கே இஷ்டகர்மம் பலிக்காது. குதிரை விலையை இரட்டித்தால் கையிலுள்ள ரொக்கமும் கடனும் கூடவே இரட்டிக்குமா என்ன? அதனால் விலைக்கு 'யாவத்தாவத்', எவ்வளவோ அவ்வளவு, என்று பேர் வைத்து, 'யா' என்று சுருக்கி, இருவர் சொத்தையும் மேலும் கீழுமாக எழுதினார்கள். கடன் எண்ணுக்குத் தலையில் ஒரு புள்ளி. 4 குதிரைக்கு 400, ஒன்றுக்கு 100.

டெகார்த்தின் எக்ஸ் அச்சேறியது 1637-இல்தான்.