முருகைக்கல் தீவுகளும் நம் கடற்கரையும்

அருகில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதே அழகு என்று எண்ணுவது மனித இயல்பு. பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் துவாலு, கிரிபாட்டி போன்ற தீவுகளின் வெண்மணற் கரைகளை நாட்காட்டிப் படங்களில் கண்டு வியக்காதவர் இலர். அக்கரைகளுக்கு அவ்வெண்மையைத் தந்தது எது? கடலுக்கடியில் வாழும் மிகச் சிறிய உயிர்களே! அவை தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சுண்ணக் கூடுகள் நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காக வளர்ந்து பாறையாகின்றன. அலை அவற்றை உடைத்துப் பொடியாக்குகிறது. அந்தப் பொடி குவிந்து மணல் திட்டாகிறது, திட்டு தீவாகிறது. இத்தகைய பாறைகளின் தோற்றத்தை ஆராய்ந்து சார்லஸ் டார்வின் 1842ல் தனி நூலே எழுதினார்.

இவ்வகைத் தீவுகளைக் காண நாம் பசிபிக் வரை செல்ல வேண்டுவதில்லை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை, கரைக்கு ஒன்று முதல் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் மாலைபோல் கோக்கப்பட்டிருந்தன. மண்டபத்தை ஒட்டிக் குருசடை, மனோலி, முயல் தீவு முதலிய ஏழு. கீழக்கரையை ஒட்டி முள்ளி, தலையாரி, அப்பா தீவு முதலிய ஏழு. வேம்பாற்றை ஒட்டி மூன்று. தூத்துக்குடியை ஒட்டி நான்கு. இவற்றுள் பெரியதான முயல் தீவே சுமார் 129 ஹெக்டேர்தான். நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்ற தீவுப் பெயர்களைக் கேட்டாலே, குடிநீர் தேடிய கடலோடிகளின் நாவறட்சி நமக்குப் புலப்படும்.

"கோக்கப்பட்டிருந்தன" என இறந்த காலத்தில் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

அறிஞர் கண்ட கரை

பாம்பனுக்கு அருகிலுள்ள குந்துகால் கரையில்தான் 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து திரும்பிய விவேகானந்தர் வந்திறங்கினார். அங்கிருந்து பார்த்தால் எதிரே தெரிவது குருசடைத் தீவு. மேலோட்டமாகக் காண்போருக்கு அது மணலும் புதரும் மட்டுமே. ஆனால் உயிரியல் அறிஞர்களுக்கு அது ஒரு புதையல். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இவ்வளைகுடாவின் முத்து, சங்கு வளத்தையும் கடல்வாழ் உயிர்களையும் குறித்து 1890ல் நூல் வெளியிட்டார். குருசடைக் கரையின் உயிர்களைப் பற்றிக் கிரேவ்லியும் துணைவர்களும் உருவாக்கிய பெருந்தொகுப்பை அதே அருங்காட்சியகம் 1927ல் வெளியிட்டது.

மூச்சடக்கி மூழ்கியோர்

அறிஞர்கள் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே இத்தீவுகளின் அடித்தளத்தைக் கையால் தொட்டு அறிந்தவர்கள் நம் மக்கள். முத்துக் குளிப்பும் சங்கு குளிப்பும் இக்கரையின் பழந்தொழில்கள். மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914ல் சங்கு குறித்து எழுதிய நூலில், தூத்துக்குடியில் மூழ்குவோர் பரதவக் கிறிஸ்தவர் என்றும், கீழக்கரையில் மூழ்குவோர் முஸ்லிம்கள் என்றும் குறித்துள்ளார். இராமநாதபுரக் கரையின் சங்கு உரிமை சேதுபதிகளுடையது. எடுத்த சங்கு வங்காளம் சென்றது. டாக்காவின் கைவினைஞர் அதை அறுத்து வளையல் செய்தனர். இந்து மணமகளிர் அதை அணிந்தனர். கீழக்கரை முஸ்லிமின் மூச்சும் வங்கப் பெண்ணின் மங்கலமும் ஒரே சங்கில் இணைந்திருந்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

பார்களும் தீவுகளும் முன்னின்று பேரலையின் வேகத்தைக் குறைப்பதால், அவற்றுக்கு உட்புறமுள்ள கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். அத்தகைய கடலோரத்தில் பட்டினங்கள் தழைத்ததில் வியப்பில்லை. அரபியர் இந்நாட்டை "மஅபர்" என்றழைத்தனர். கடக்குமிடம் என்பது அதன் பொருள். பதினான்காம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து மஅபர் வந்த இப்னு பதூதா, "பத்தன்" என்னும் அழகிய துறைமுகத்தையும் அங்கிருந்த கல்லாலான பள்ளிவாசலையும் புகழ்ந்துள்ளார். அது பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. பெரியபட்டினத்தில் கிடைத்த 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் அவ்வூரின் வாணிகப் பரப்புக்குச் சான்று பகர்கின்றன. பின்னாளில் கிழவன் சேதுபதியின் நட்பைப் பெற்ற வள்ளல் சீதக்காதி கீழக்கரையிலிருந்து மரக்கலம் விட்டார். அவர் ஆதரவில் உமறுப்புலவரின் சீறாப்புராணம் உருவாயிற்று. கடல் தந்த செல்வம் தமிழாகவும் மலர்ந்த கரை இது.

தனுஷ்கோடி சொல்லும் பாடம்

இராமேசுவரம் தீவின் கிழக்கு முனையில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் மக்கள் அழைப்பர். இரண்டும் கூடுமிடம் அரிச்சல்முனை. 1914ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் பயணிகளோடு வந்த இரயிலையும் ஊரையும் கடல் கொண்டது. இன்று அங்கு நிற்பவை சில சுவர்களே. இடிந்த தேவாலயத்தின் சுவரை உற்று நோக்கினால், பூவேலை செய்ததுபோன்ற துளைகள் நிறைந்த கற்களைக் காணலாம். அவை முருகைக்கற்கள், கடலடியில் உயிர்கள் கட்டிய அதே பாறை!

தேவாலயத்தில் மட்டுமா? கரையோர ஊர்கள் பலவற்றின் பழைய வீடுகளிலும் அக்கல் உண்டு. சுவருக்குப் பூசிய சுண்ணாம்பிலும் அது கலந்துள்ளது. தேவைக்குச் சிறிது எடுத்த காலம் போய், ஆலைகளுக்காகத் தோணி தோணியாக வெட்டியெடுக்கும் காலம் வந்தது. அரண் போனபின் மணல் நிற்குமா? கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவும் நீருக்குள் மறைந்தன. 21 தீவுகள் 19 ஆயின. கடல் அவற்றை விழுங்கியது என்று சொல்வது எளிது. உண்மையில் அத்தீவுகளின் ஒரு பகுதி நம் சுவர்களில் இருக்கிறது.

1986ல் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001ல் முருகைக்கல் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஆயினும் சட்டத்தைவிட வலுவாகப் பேசியது 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை. நாகப்பட்டினம் கண்ட பேரழிவை இக்கரை காணவில்லை. இலங்கை குறுக்கே நின்றது முதற்காரணம். பார்களும் தீவுகளும் துணைநின்றன. அதன்பின் கல் வெட்டுவது பெரும்பாலும் நின்றது. தூத்துக்குடியின் வான் தீவைக் காக்கக் கடலடியில் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டுள்ளன. ஆனால் 2010லும் 2016லும் கடல் நீர் சூடேறி, பார்களின் உயிர்கள் வெளிறி மடிந்தன. துவாலு மக்களை அச்சுறுத்தும் அதே வெப்பம் நம் வாசலிலும் நிற்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இத்தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி பறித்துப் பிழைத்த ஏழைப் பெண்களுக்குப் பூங்காவின் எல்லை வாழ்வின் எல்லையாகிவிட்டது. கல்லை வெட்டி இலாபம் கண்டவர் வேறு. தடையின் சுமையைத் தாங்குபவர் வேறு. தீவைக் காக்கும் எந்தத் திட்டமும் அவர்களின் அடுப்பை மறந்துவிடலாகாது.

இக்கரைகளுள் சிறந்தது எது என்று கேட்பின், குளிக்க உகந்தது பாக் நீரிணையின் அமைதியான அரியமான் கரை என்போம். காற்றையும் காலத்தையும் உணர உகந்தது அரிச்சல்முனை என்போம். தீவுகளின் கரைகளோ வனத்துறையின் இசைவின்றி மிதிக்கத்தகாதவை. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் கரையில் நின்று அத்தீவுகளைக் காட்டட்டும். கீழக்கரையில் நிற்பவர், பூவரசன்பட்டி இருந்த திசையையும் காட்டட்டும். அங்கு இப்போது நீர் மட்டுமே இருப்பது ஏன் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு மறைக்காமல் விடை சொல்வது பெரியோர் கடமை.